பங்காரம்மாவின் பரஸ்தானப் பை

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. துடியலூர் காளிச்சாமி தன் காரை ஐந்தாவது முறையாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கோயிலில்கூட மூன்று சுற்றோடு நிறுத்திக்கொள்கிற மனிதர்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நாளை விடிகாலை நாலரை மணிக்கு ஹைதராபாத் பயணம். ஏறத்தாழ தொள்ளாயிரம் கிலோமீட்டர். மகள் கயல்விழிக்கு அங்கே மத்திய அரசின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று தற்காலிக வேலைகளில் லோல்பட்ட பிறகு கிடைத்த முதல் நிரந்தர வேலை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய் நிற்க வேண்டும். தவறினால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ரயிலில் போகலாம், பஸ்ஸில் போகலாம். ஆனால் காளிச்சாமி முப்பத்தொரு வருஷம் ஒரு நூல் மில்லின் ஷிஃப்ட் பஸ்ஸை ஓட்டியவர். துடியலூரிலிருந்து மில்லுக்குப் பதினாலு கிலோமீட்டர். ஆளும் மாறவில்லை, ரோடும் மாறவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆசை, பதினைந்தாவது கிலோமீட்டரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான். “என்ற புள்ளைய நானே கொண்டுபோய் உடறேன்” என்று ஒற்றைக் காலில் நின்று ஒரு பழைய காரை வாங்கினார். அதற்காக அவர் மனைவி பங்காரம்மா நான்கு நாள் அவரிடம் பேசாமலிருந்த கதையைத்தான் போன இரண்டு வாரமாகப் பார்த்தோம்.

இப்போது பேசுகிறாள். பேசுகிறாளே தவிர, பயணத்துக்கு வரவில்லை. “நான் வல்லீங்க. அப்பனும் மகளும் போங்க” என்பதோடு சரி.

டிக்கியை எட்டிப் பார்த்த கயல்விழிக்குத் தலை சுற்றியது.

“அப்பா, ரெண்டு ஸ்டெப்னி எதுக்குங்கப்பா?”

“ஒண்ணு பஞ்சரானா இன்னொண்ணு வேணுமே கண்ணு.”

“அதுவும் பஞ்சரானா?”

காளிச்சாமி யோசிக்க ஆரம்பித்தார். அந்த யோசனையைப் பார்த்ததும் கயல்விழி பயந்துபோனாள். விட்டால் மூன்றாவதுக்குக் கிளம்பிவிடுவார். “சும்மா கேட்டனுங்கப்பா” என்று அவசரமாகச் சமாளித்தாள்.

இருபது லிட்டர் தண்ணீர் கேன், கூலண்ட், ஜாக்கி, இழுவைக் கயிறு, டார்ச், இரண்டு குடை, ஒரு மண்வெட்டி.

“மம்முட்டி எதுக்குங்கப்பா?”

“ரோட்டுல எதுக்காச்சும் ஆகும். நீ உன்ற லிஸ்ட்டப் பாரு போ.”

அவள் லிஸ்ட் அவளுடைய போனில் இருந்தது. ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தவள் கடைசி வரிக்கு வந்தாள். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் ஃபைல். பீரோவைத் திறந்தாள். மேல் தட்டில் நீல நிற ஃபைல் இருக்கிற இடம் காலியாக இருந்தது. கீழ்த் தட்டு, பக்கத்துத் தட்டு, மெத்தைக்கு அடி, எல்லாம் பார்த்தாயிற்று.

“அம்மா, என்ற ஃபைலப் பாத்தியா?”

பங்காரம்மா அடுக்களையில் நாளைய கட்டுச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“அது போயிருச்சு கண்ணு.”

“போயிருச்சா? எங்க?”

“ஹைதராபாத்துக்கு.”

கயல்விழி அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். புளிக்காய்ச்சல் வேறு அந்த நேரம் பார்த்துப் பொட்டுப் பொட்டென்று தெறித்தது.

“அம்மா, வெளையாடாத.”

“வெளையாடறனா? நாளைக்குப் புதன்கிழமை. புதன்கிழமை வடக்கே சூலம். ஹைதராபாத்து எந்தப் பக்கம் இருக்குது? நாளப் பாக்காம உங்கப்பன் நாலரைக்கு அலாரம் வெச்சாச்சு. அதான் நேத்து திங்கக்கிழமை நல்ல நேரத்துல ஜன்னத்து ஊட்டுல பரஸ்தானம் வெச்சுப்போட்டேன்.”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமலிருக்கலாம். பயணத்துக்கு நாள் சரியில்லை, ஆனால் போயே ஆக வேண்டும் என்றால் அதற்கும் நம் ஆட்கள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நல்ல நாளிலேயே ஒரு பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை வாசற்படி தாண்டிவிட்டால் பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு சூலமும் ராகு காலமும் ஆளைப் பார்த்து முறைக்க முடியாது. போகிறபோது பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

“பை வெக்கறதுன்னா ரெண்டு துணிய வெக்க வேண்டியதுதானே? ஃபைல எதுக்கும்மா வெச்ச?”

“எதுக்காகப் போறமோ அதையல்லவா வெக்கோணும்? துணிய மட்டும் வெச்சா துணி மட்டுந்தான் நல்லபடியாப் போய்ச் சேரும்.”

இதற்குப் பதில் சொல்ல எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித்தருவதில்லை. கயல்விழிக்குச் சிரிப்புத்தான் வந்தது. சரி, பக்கத்து வீட்டில்தானே இருக்கிறது, வாங்கிவந்துவிடலாம் என்று செருப்பை மாட்டினாள்.

பக்கத்து வீட்டு ஜன்னத் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“பையா? ஆமா கயலு, அக்கா நேத்துக் கொண்டாந்து வெச்சாங்க. பெஞ்சு மேலதான் இருக்குது, எடுத்துக்க” என்றபடி உள்ளே வந்தவள் பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சு துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

ஜன்னத்தின் கை வாய்க்குப் போயிற்று. “யா அல்லா! அவரு அள்ளிட்டுப் போயிட்டாரு.”

அவர் என்றால் அவள் கணவர் சிக்கந்தர். கோவை கோட்டைமேட்டில் குதிரைச் சாமான் கடை வைத்திருப்பவர். ஒவ்வோர் ஆடியிலும் அந்தியூர் குதிரைச் சந்தையில் அவர் கடைதான் முதலில் காலியாகும். ஒரு குதிரைக்கு வேண்டிய கடிவாளம், கயிறு, கழுத்துமணி எல்லாவற்றையும் ஒரு காக்கி கொள்ளுப் பையில் போட்டுக் கட்டி, ஒரு குதிரைக்கு ஒரு பை என்று விற்பார். நேற்று இரவு அப்படிக் கட்டிய பைகளை இந்தப் பெஞ்சில்தான் அடுக்கினார். விடிகாலை ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

“எங்கம்மா பையும் காக்கியா?” என்று கேட்டாள் கயல்விழி. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“நல்ல கெட்டிப் பையா ஒண்ணு குடுன்னு அக்கா போன மாசம் கேட்டாங்க. அவருதான் கடையிலிருந்து எடுத்துக் குடுத்தாரு.”

ஜன்னத் கணவருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே பெண், அதே பணிவு.

“சந்தையில எப்பவுமே டவர் கெடைக்காது கயலு. அத்தன கூட்டம்.”

எம்.எஸ்ஸி. பட்டம், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ். இருபத்தாறு வயது வாழ்க்கை முழுக்க ஒரு குதிரையின் கழுத்துமணியோடு நூறு கிலோமீட்டர் தள்ளி விலை பேசப்பட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு நடந்த இருபது அடிக்குள் கயல்விழியின் சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது.

“ஃபைல் அந்தியூர் போயிருச்சு” என்றாள். விஷயத்தைச் சொல்லி முடித்தவள், அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“நான் போறது உனக்கு மொதல்லயிருந்தே புடிக்கல. கார் வாங்கினது புடிக்கல, வேலை கெடைச்சது புடிக்கல. போகக் கூடாதுன்னுதானேம்மா அதை எடுத்து ஒளிச்சு வெச்ச?”

“கயலு!” என்றார் காளிச்சாமி.

பங்காரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். மகளை ஒரு தடவை பார்த்தாள்.

“அப்பிடியா கண்ணு நெனைக்கற?” என்று மட்டும் கேட்டாள். அடுப்பை அணைக்கவும் மறந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

தான் சொன்ன வார்த்தை கயல்விழிக்கே உறுத்தியது. ஆனால் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள். அழுகை வந்துவிட்டது.

“அழுகாத சாமி” என்றார் காளிச்சாமி. “நான் இப்பவே அந்தியூரு போறேன். பாயப் பாத்துப் பையை வாங்கிட்டுப் பொழுதோட ஊட்டுக்கு வந்தர்றேன். நாளைக்கு வெடியால சொன்னபடி கெளம்பிக்கலாம்.”

“திரும்பியெல்லாம் வரக் கூடாதுங்க.”

பங்காரம்மா கொல்லைக் கதவருகே நின்றிருந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

“கெளம்பின பை ஊட்டுக்குத் திரும்புனா பரஸ்தானமே ஒடைஞ்சு போகுமுங்க. இருக்கற சாமானெல்லாம் ஏத்துங்க. அந்தியூருல பையை எடுத்துட்டு அப்பிடியே மேட்டூரு, தருமபுரின்னு பெங்களூரு ரோட்டப் புடிச்சுப் போயிருங்க.”

“இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, அம்மிணி. இன்னைக்கும் வடக்கே சூலந்தானே?”

“பை நேத்தே கெளம்பிருச்சு. இன்னைக்கு நாம அது பின்னால போறம், அவ்வளவுதானுங்க.”

“நாமளா?”

“வெச்ச கைதான் எடுக்கோணும். அந்தியூரு வரைக்கும் வாரேன். அங்கிருந்து பஸ்ஸுல வந்துக்குவேன்.”

நாளைக்குக் கிளம்ப வேண்டிய பயணத்தை அரை மணி நேரத்தில் கிளப்புவது எப்படி என்று யாராவது புத்தகம் எழுதினால் அந்த வீட்டைத்தான் அட்டையில் போட வேண்டும். கயல்விழியின் பெட்டிகள் ஏறின. தலையணை ஏறியது. காளிச்சாமியின் இரண்டு வேட்டி சட்டைகள் ஒரு மஞ்சள் பையில் ஏறின. அடிப்பிடித்த புளிக்காய்ச்சலில் மேலாக இருந்ததை மட்டும் வழித்து ஒரு டப்பாவில் அடைத்தாள் பங்காரம்மா. மண்வெட்டியை யாரோ இறக்கி வைத்தார்கள், யாரோ மறுபடி ஏற்றினார்கள்.

காளிச்சாமி சாவியைத் திருகப் போகும்போது ஜன்னத் ஓடிவந்தாள். கையில் ஒரு டம்ளர்.

“அக்கா, வடக்கே சூலத்துக்குப் பாலு குடிச்சிட்டுப் போனா தோஷமில்லேன்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க? இந்தாங்க. சக்கரை எச்சாவே போட்டிருக்கறேன்.”

மூவரும் ஆளுக்கு இரண்டு வாய் குடித்தார்கள். பங்காரம்மா ஜன்னத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன்ற மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு. பையை நான் ஒரு சொல்லு சொல்லி வெச்சிருக்கோணும்.”

கார் இடிகரை தாண்டிக் கோவில்பாளையத்தைத் தொட முக்கால் மணி நேரம் பிடித்தது. காளிச்சாமி முப்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. ஷிஃப்ட் பஸ்ஸின் வேகம் அவர் காலிலேயே ஊறிப்போயிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. கோவில்பாளையம் பஸ் ஸ்டாப்பில் ஓர் அம்மா வெயிலுக்காக நெற்றிக்கு நேரே கையைத் தூக்கினாள். காளிச்சாமியின் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. கார் நின்றது.

அந்த அம்மா குனிந்து பார்த்தாள். “அன்னூரு போகுமுங்களா?”

“போகுமுங்க, ஏறுங்க” என்றார் காளிச்சாமி. என்ன சொன்னோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அந்த அம்மாவும் இரண்டு கீரைக் கட்டோடு ஏறி, பங்காரம்மாவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டாள். அன்னூர் வரைக்கும் தன் மருமகள் எப்படிக் குழம்பு வைப்பாள் என்று பழமை பேசிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, “காரு பஸ் இப்பவெல்லாம் வருதுங்களா? நல்லாயிருக்குதுங்க” என்று வாழ்த்தினாள்.

கயல்விழி அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள். கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் உதடும் ஒரு பக்கமாகக் கோணியது. ஆனால் கண் மகளைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. கயல்விழியின் சிரிப்பு பாதியில் நின்றது.

“அப்பா, நான் ஓட்டட்டுங்களா? இப்பிடியே போனா சந்தை முடிஞ்சு குதிரையெல்லாம் ஊட்டுக்குப் போயிருமுங்க.”

காளிச்சாமி மறுக்கவில்லை. அவருக்கும் உள்ளூரக் கவலைதான். மகள் ஓட்டினாள். புளியம்பட்டி, சத்தியமங்கலம், அத்தாணி. புதுப்புது ஊர்ப் பலகைகளை அவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். மன்னிப்புக் கேட்கக் கயல்விழி இரண்டு தடவை வாயெடுத்தாள். இரண்டு தடவையும் எதிரே லாரி வந்தது.

அந்தியூர்ச் சந்தையில் அவர்கள் போய் இறங்கியபோது மணி பன்னிரண்டு. தேரோட்டம் நாளைக்குத்தான். ஆனால் இன்றைக்கே குதிரைகள் வரிசை கட்டி நின்றன. வெள்ளை, பழுப்பு, புள்ளி போட்டது. ஒரு குட்டைக் குதிரை கயல்விழியின் துப்பட்டாவை முகர்ந்துபார்த்தது. வேறு நாளாக இருந்தால் அதோடு நின்று படம் எடுத்திருப்பாள்.

நீலத் தார்ப்பாய் போட்ட கடையில் சிக்கந்தர் வியாபாரத்தில் இருந்தார். பக்கத்து வீட்டுக் குடும்பத்தை அங்கே பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

“அட, காளியண்ணா! குதிரை வாங்க வந்தீங்களா?”

விஷயத்தைக் கேட்டதும் அந்தச் சந்தோஷம் அப்படியே உதிர்ந்தது. மீதியிருந்த பைகளை எல்லாம் அவிழ்த்துக் கொட்டினார். கடிவாளமும் மணியும் கயிறும்தான் வந்தன.

“இருவத்தஞ்சு கட்டுனேன். இங்க வந்து பாத்தா இருவத்தாறு. நம்ம எண்ணுனதுலதான் தப்புன்னு நெனைச்சனுங்க. ஆறு பையை ஒரே ஆளு வாங்கிட்டாருங்கண்ணா. சித்தூரு பக்கத்துக்காரரு. நரசிம்மலுன்னு பேரு. அந்தப் புளியமரத்தடியில இருக்கறாரு, வாங்க.”

அவர் அங்கேதான் இருந்தார். முறுக்கு மீசை, தலையில் சிவப்புத் துண்டு. பின்னால் ஆறு குதிரைகள். காலடியில் ஐந்து பைகள் அவிழ்ந்து கிடந்தன. ஆறாவது பை அவர் மடியில் இருந்தது. அதன் மேல் இரண்டு கையும் போட்டுக் காவல் காப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

கயல்விழி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். “அது எங்க பைங்க. அதுல என்ற சர்ட்டிபிகேட் இருக்குதுங்க.”

நரசிம்மலு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். தெலுங்கில் படபடவென்று என்னவோ சொன்னார். குரலில் கண்டிப்பு இருந்தது. சிக்கந்தர் பேசிப் பார்த்தார். காளிச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். மனிதர் மசியவில்லை.

“என்ன சொல்றாருங்க?” என்று தவித்தாள் கயல்விழி. தெலுங்கில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா கோபத்தில் திட்டுகிற நாலு வார்த்தை மட்டும்தான்.

பங்காரம்மாவின் பிறந்த வீட்டில் பேசியது தெலுங்கு. அவள் முன்னால் வந்து, அவரிடம் பேசிவிட்டுத் திரும்பினாள்.

“பொம்பளப் புள்ள போட்டோ ஒட்டுன சர்ட்டிபிகேட்டு, கூடவே சீலைத்துணி. ஏதோ புள்ள ஊட்டை உட்டு ஓடிப்போகப் பாக்குதுன்னு நெனைச்சுக்கிட்டாரு. பெத்தவங்க வந்து உள்ள என்ன இருக்குதுன்னு சரியாச் சொன்னாத்தான் குடுப்பாராமா. அதுவரைக்கும் போலீஸே வந்தாலும் தரமாட்டாராமா.”

“நல்ல மனுசன்தான்” என்றார் காளிச்சாமி. “சொல்லு அம்மிணி.”

பங்காரம்மா ஏனோ தயங்கினாள். கணவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு நரசிம்மலுவிடம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். நீல ஃபைல். மஞ்சள் பொட்டலம். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். ஃபைலைக் கண்டதும் கயல்விழிக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் இன்னும் கொடுக்கவில்லை.

“சீரலு என்னி?” என்று கேட்டார். சேலை எத்தனை என்று.

பங்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். அவர் மறுபடி கேட்டார்.

“எனிமிதி” என்றாள் பங்காரம்மா. சொல்லும்போது அவள் தரையைத்தான் பார்த்தாள்.

நரசிம்மலு ஒவ்வொன்றாக எடுத்து ஃபைலின் மேல் அடுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. பச்சைச் சுங்கடி, தீபாவளிக்கு எடுத்தது, சத்துணவுச் சமையல் வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. எட்டு. எல்லாம் பங்காரம்மாவின் சேலைகள். அதன் மேல் அவளுடைய சர்க்கரை மாத்திரை, மூன்று மாதத்துக்கு. மனிதர் திருப்தியாகத் தலையாட்டி, எல்லாவற்றையும் பையோடு அவள் கையில் ஒப்படைத்தார்.

கயல்விழி சேலைகளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மிணி” என்றார் காளிச்சாமி மெதுவாக. “நீ வல்லேன்னல்ல சொன்ன? அப்பிடியே வந்தாலும் போக ரெண்டு நாளு, வர ரெண்டு நாளு. அதுக்கு எட்டுச் சீலையா?”

“திரும்பி வர்றேன்னு நான் எப்பச் சொன்னனுங்க?”

குதிரை ஒன்று கனைத்தது.

“இவளுக்குத் தெலுங்குல ஒரு கத்திரிக்கா வாங்கத் தெரியுமுங்களா? சுடுதண்ணி வெக்கறதத் தவிர வேறென்ன சமைக்கத் தெரியும்? இருவத்தாறு வருசம் நூறு புள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டேன். என்ற புள்ளைக்கு மத்தியானச் சோறு சூடாப் போட ஒரு நாளு நேரம் கெடைக்கலீங்க. இப்பத்தான் ரிட்டயரு. இப்பப் பாத்து இவ போறா.” மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “முன்னாலயே சொன்னா ஊட்டை யாரு பாக்கறதும்பீங்க, வேண்டாம்பீங்க. அதான் பையை மொதல்ல அனுப்பிப்போட்டு, கார் கெளம்பறப்ப ஏறிக்கலாம்னு இருந்தேன். உங்களுக்கு மட்டுந்தான் ஊரு பாக்க ஆசையிருக்கோணுமுங்களா?”

கயல்விழி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சந்தை முழுக்கப் பார்க்கட்டும் என்று கட்டிக்கொண்டாள்.

“காலையில அப்பிடிச் சொல்லிப்போட்டேனேம்மா. நீ ஒளிச்சு வெச்சேன்னு சொல்லிப்போட்டேனே.”

“உடு கண்ணு. ஒளிச்சுத்தானே வெச்சேன்” என்றாள் பங்காரம்மா. “ஆனா எதை ஒளிச்சேன்னு உனக்குத் தெரியல.”

நரசிம்மலுவுக்குப் பேச்சு புரியவில்லை, கண்ணீர் மட்டும் புரிந்தது. பெருமையாக மீசையை நீவிக்கொண்டார்.

காளிச்சாமிதான் இன்னும் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மிணி, எட்டுச் சீலை வெச்சயே. என்ற வேட்டி ஒண்ணுகூட இல்லையே?”

“நீங்க டிரைவருங்க. உட்டுட்டு வண்டியத் திருப்பிக்கிட்டு வரோணுமில்ல?”

முப்பத்தொரு வருஷம் எல்லோரையும் மில் வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பியவர். யாரும் அவரை உள்ளே வா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. காளிச்சாமி சிக்கந்தர் பக்கம் திரும்பினார்.

“பாய், கொள்ளுப் பை எச்சா ஒண்ணு இருக்குங்களா?”

சிக்கந்தர் ஓடிப்போய் ஒரு காக்கிப் பையைக் கொண்டுவந்தார். காளிச்சாமி காரிலிருந்து தன் மஞ்சள் பையை எடுத்து வந்தார். இரண்டு வேட்டியையும் இரண்டு சட்டையையும் எடுத்து, மடிப்புக் கலையாமல் காக்கிப் பைக்குள் வைத்தார். பையைக் கொண்டுபோய்ப் பங்காரம்மாவின் பைக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல் வைத்தார்.

பங்காரம்மா குனிந்து உள்ளே பார்த்தாள்.

“ரெண்டு வேட்டி பத்துமுங்களா? அங்க ஒரே மழையாமுங்க” என்றாள்.

காளிச்சாமியின் முகம் போன போக்கைப் பார்த்துச் சிக்கந்தர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப ஊட்டுச் சாவியை எங்கிட்டக் குடுங்கண்ணா. வெளக்கு ஜன்னத்து வெச்சுருவா.”

ஃபைலை நெஞ்சோடு பிடித்திருந்த கயல்விழிதான் இப்போது திருதிருவென்று விழித்தாள். அவள் வீட்டில் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. இத்தனை வாரமாக உங்களிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், மன்னிக்கவும். தங்க இடம் பார்த்தாயிற்று என்று அவள் அப்பாவிடம் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது வீடு இல்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் ஓர் அறையில், மூன்றாவது மாடியில், ஜன்னலோரம் ஒரே ஒரு கட்டில். தனியாக இருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெற்றவர்கள் உள்பட யாரும் இரவில் தங்கக் கூடாது என்பது விடுதியின் முதல் விதி.

“எத்தனை ரூமு கண்ணு நம்ம ஊட்டுல?” என்று கேட்டார் காளிச்சாமி, இரண்டு பைகளையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டு.

“அடுப்பு எந்தப் பக்கம் பாத்து இருக்குது?” என்று கேட்டாள் பங்காரம்மா.

இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படி இருவரும் ஒரே நேரத்தில் சிரித்து அவள் பார்த்து வெகு நாளாகிறது.

“மேட்டூரு தாண்டி எங்காச்சும் நெழலா நிறுத்திச் சாப்புடலாமுங்க” என்றாள் கயல்விழி. “அப்பச் சொல்றேன்.”